நலன் முரண் கட்டத்தின் முற்றுகை

வாழி அடிக்குறிப்பாள்! எண்கடல் கடைந்து முடிவெனும் முத்தெடுத்தவள். எடுத்த முத்தைக் கையில் ஏந்திக்கொண்டே 'இது முத்தாகவும் இருக்கக்கூடும்' என்று எழுதிய அடக்கத்தின் அணிகலன். சராசரிகளின் சூழ்ச்சிக்கு மயங்காதவள். விதிவிலக்குகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவள். கல்விக் கொள்கை ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடியில் சன்னலோர இருக்கைக்கு ஆசைப்பட்டுத் தண்ணீர்க் கேனோர இருக்கை பெற்றும் மனம் தளராதவள், வாழி! வாழி அவள் விசைப்பலகை! அழுத்தி அழுத்தி எழுத்தழிந்துபோன அதன் அழிப்பு விசையும் வாழி!

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு. அலுவலகம் இட்ட பெயர்தான் நிலைத்தது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் மற்றவர்கள் ஆச்சு என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். இவள், "ஆச்சு, ஆனா முழுசான்னு சொல்ல முடியாது" என்பாள். "மழை வருமா?" என்றால், "மேகம் இருக்கு. அத வச்சு மழைன்னு முடிவு கட்டிட முடியாது" என்பாள், நனைந்துகொண்டே. ஒரு வாக்கியம் சொன்னால் அதன் காலடியில் இன்னொரு வாக்கியம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அடிக்குறிப்பாள்.

அத்தகைய வீராங்கனையை அன்று பிற்பகல் ஒரு கட்டம் தடுத்து நிறுத்தியது. அது மதிலன்று, அகழியன்று, மலையன்று. கணினித் திரையில் இரண்டு விரல் அகலமே உள்ள வெண்கட்டம். ஆய்விதழின் இணையவாசலில் கட்டுரையை ஏற்றி, சுருக்கத்தை ஏற்றி, அட்டவணைகளை யானைப்படைபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிச் சேர்த்து, வெற்றிக்கொடி நாட்ட அவள் கையோங்கிய வேளையில், அது குறுக்கே வந்து நின்றது. 'ஆசிரியருக்கு நலன் முரண் உண்டா? உண்டெனில் தெளிவாகக் கூறுக.' கீழே வெறுமை. வெறுமைக்குள் ஒற்றைக் கோடு ஒன்று, வாளை உருவிப் பிடித்த ஒற்றைக்காற் காவலனைப்போல, இமைத்து இமைத்து நின்றது.

மாலை ஐந்து மணிக்கு இணையவாசல் சாத்தப்படும். சாத்திவிட்டால் அந்தச் சிறப்பிதழில் இடமில்லை. புதிய பள்ளிகளைக் கட்டவிருக்கும் குழு, வகுப்பறைச் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்குமுன் படிக்கப்போவது அந்த ஓர் இதழைத்தான். சுவர் ஒருமுறை எழும்பிவிட்டால் நாற்பது ஆண்டுக்கு யாரும் அதைத் தொடப்போவதில்லை.

சுவரைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும், போர் காத்திருக்கட்டும். வகுப்பறை என்பது பெரும்பாலும் பூச்சு பூசிய ஒரு வெறும் பெட்டி. முன்னால் நிற்கும் ஆசிரியையின் குரல் நேராகப் பின் சுவர்வரை போய், பந்துபோல் மோதித் திரும்பி, சுவருக்குச் சுவர் அலைகிறது. முன் பெஞ்சில் இருப்பவனுக்கு அது பெரிய தொல்லையில்லை. புதுக்குரல் பலமாகவும் திரும்பிய குரல் பலவீனமாகவும் விழும். கடைசி பெஞ்சுக்காரனின் நிலைமை வேறு. அவன் முதுகுக்குப் பின்னாலேயே சுவர். அவன் காதில் ஆசிரியை பேசும் சொல்லும், சற்று முன்பு அவர் பேசிய சொல்லின் ஆவியும் ஏறக்குறைய சமபலத்தோடு வந்து மல்லுக்கட்டும். இரண்டு ஆசிரியைகள் ஒரே நேரத்தில் பேசினால் எந்தப் பிள்ளைதான் என்ன செய்யும்? சன்னலுக்கு வெளியே பார்க்கும். உடனே அவனுக்குக் கவனமில்லை என்று பட்டம் கட்டிவிடுவோம்.

பின் சுவரில் மெத்தென்ற பலகைகளை அறைந்தால் அவை திரும்பும் குரலை விழுங்கிவிடும். பழைய துணிகளை நார் நாராகப் பிரித்து அழுத்திச் செய்த பலகை; கையால் தட்டினால் சத்தமே வராது. அடிக்குறிப்பாள் குலுக்கல் போட்டுச் சில வகுப்புகளில் பலகை மாட்டினாள், சிலவற்றை வெறுமே விட்டாள். பிறகு எல்லா வகுப்பிலும் சொல்வதெழுதுதல் வைத்தாள். பலகை மாட்டிய வகுப்புகளில் கடைசி பெஞ்சின் பிழைகள் பாதியாகக் குறைந்திருந்தன. இதுவே அவள் கடைந்தெடுத்த முத்து.

சரி, முத்து இருக்கிறது, வாசல் இருக்கிறது, எதற்குத் தயக்கம் என்பீர்கள்.

பலகைகளை விற்பவன் அவள் கொழுந்தன்.

நலன் முரண் என்றால் என்ன என்பதையும் பொறுமையாகப் பார்த்துவிடுவோம், ஏனெனில் இதைப் பலர் திருட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தராசு பிடிக்கிறவளின் வீட்டு ஆள் ஒருவன் தங்கம் விற்கிறவன் என்று வையுங்கள். தராசு நேராகவே இருக்கலாம். அவள் கை நடுங்காமலே இருக்கலாம். ஆனாலும் வாங்க வந்தவரிடம் அந்த உறவைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் இன்னொரு முறை குனிந்து முள்ளைப் பார்ப்பார். அவ்வளவுதான் விஷயம். அது குற்ற ஒப்புதலன்று. கொஞ்சம் குனிந்து பாருங்கள் என்ற அழைப்பு.

இதெல்லாம் அடிக்குறிப்பாளுக்குத் தெரியும். இதைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். ஆனால் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும், நீச்சல் பற்றிப் புத்தகம் எழுதியவன் கிணற்றை எட்டிப் பார்த்த கதையாயிற்று.

அவள் கட்டத்தை விட்டு விலகி, முதலில் எளிய களமான நன்றியுரைப் பக்கம் படையைத் திருப்பினாள். ஐயகோ, அங்கேதான் குருதி ஆறு ஓடிக்கொண்டிருந்தது!

நன்றியுரைக்கு ஆறே வரி. அந்த ஆறு வரிக்குள் இடம்பிடிக்க நடக்கும் போர், ஆறு நாடுகளுக்கிடையே நடந்தாலும் இத்தனை உக்கிரமாக இராது. ஆய்வுலகில் ஒரு கட்டுரை கைக்கு வந்தால் யாரும் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. நேரே நன்றியுரைக்குப் போய்த் தம் பெயரைத் தேடுகிறார்கள். இருந்தால் கட்டுரை ஆழமானது. இல்லையென்றால் முறையியலில் கோளாறு. முதலில் வருகிறோமா, கடைசியில் வருகிறோமா, 'சிறப்பு' என்ற அடைமொழி உண்டா, 'பயனுள்ள கருத்துகள்' என்றிருக்கிறதா, வெறும் 'கருத்துகள்' என்று விட்டுவிட்டார்களா என்றெல்லாம் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார்கள். நெருங்கிய சிநேகிதர்கள் ஒரே ஒரு 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் தள்ளப்பட்டதற்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு.

முதல் வரிக்கு உரிமை கோரி எழுந்தவர் மையத்தின் இயக்குநர். இக்கட்டுரைக்கு அவர் ஆற்றிய தொண்டு யாதெனின், ஒரு நாள் அவள் பின்னால் வந்து நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "தலைப்ப இன்னும் கொஞ்சம் பெருசாக்கும்மா" என்றருளியதே. தலைப்பு பெரிதாக்கப்பட்டது. அன்று முதல் அவர் அதை 'நம்ம பேப்பர்' என்று சொல்லிவந்தார்.

இரண்டாவதாக வந்தான் மென்பலகை மன்னன், ஒலிவிழுங்கிக் குலதிலகன், இலவச லாரியில் நூறு பலகை ஏற்றி அனுப்பிய ஈகைச் செம்மல், கொழுந்தன். அவன் காலையிலிருந்தே கைபேசி வழியாக முரசறைந்துகொண்டிருந்தான்.

"அண்ணி, நன்றியில என் பேரு வருதுல்ல?"

"வரும் தம்பி."

"எத்தனாவதா?"

"அதெல்லாம் இன்னும் முடிவு பண்ணல."

"கல்யாணப் பத்திரிகையில என் பேர விட்டுட்டு அப்புறம் பேனாவால எழுதினீங்க. அதையே நான் இன்னும் மறக்கல. சொல்லிட்டேன். கம்பெனி பேரும் சேத்து வரணும். நான் அத கடையில பிரேம் போட்டு மாட்டப்போறேன்."

ஒரே மனிதன், இரண்டு கட்டம். நன்றிக் கட்டத்தில் அவனைப் போட்டால் புகழ்; முரண் கட்டத்தில் போட்டால் அவனுக்கு அவமானம். முதலாவதில் மட்டும் போட்டால் படிக்கிறவர்கள் அவனை யாரோ ஒரு வள்ளல் என்று நினைப்பார்கள். இரண்டாவதில் மட்டும் போட்டால் அவன் அடுத்த குடும்ப விருந்தில் எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் அவளையே பார்ப்பான். இந்தப் பொறியிலிருந்து வெளியேறும் வழி அவளுக்குப் புலப்படவில்லை.

அவள் இயக்குநரின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு முறையிட்டாள். அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். விட்டத்தைப் பார்த்தார். தம் வாழ்நாளெல்லாம் பயன்படுத்தியும் கூர் மழுங்காத அந்த ஆயுதத்தை உறையிலிருந்து எடுத்தார்.

"இல்லைன்னு போட்டுடும்மா. கேட்டா பாத்துக்கலாம்."

"சார், கொழுந்தன் சார் அவன். கூடப் பொறந்தவன் மாதிரி."

"அதான் சொல்றேன். உறவுன்னு ஒரு வார்த்த போட்டியோ, குழுவுல இருக்கிறவங்க மத்தது எதையும் படிக்க மாட்டாங்க. தூக்கிக் குப்பையில போடுவாங்க. உன் கடைசி பெஞ்சுப் பிள்ளைங்களுக்குத்தான் நஷ்டம். அவங்களுக்காகவாவது போடாத."

கேளுங்கள், தீமைக்கு எப்போதும் இந்தப் பழக்கம் உண்டு; தனியாக வராது, ஏதாவது ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அடிக்குறிப்பாளின் நெஞ்சம் ஊசலாடியது. 'இல்லை' என்பது மூன்றே எழுத்து. இயக்குநர் சொன்னதில் பொய்யும் இல்லை. குழு அப்படிச் செய்யக்கூடிய குழுதான்.

ஊசலாடிய நெஞ்சோடு இருக்கைக்குத் திரும்பியவளை எதிர்கொண்டார் பக்கத்து மேசைப் புள்ளியியலாளர். வயதில் மூத்தவர், எந்த எண்ணையும் முழுதாகச் சொல்ல மனம் வராமல் புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கம் சேர்த்தே சொல்வதால் தசமம் என்று அழைக்கப்பட்டவர். கட்டுரையில் இரண்டாம் ஆசிரியர். அவளுடைய எண்களையெல்லாம் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தவர் அவரே.

"என்னம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவள் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், "கத்தரிய நெனச்சேன் அண்ணே" என்றாள்.

அதுவும் பொய்யன்று. கத்தரி என்பவர் இத்துறையின் மதிப்பாய்வாளர்களுள் கொடியவர். ஆய்விதழ்கள் கட்டுரையை இரகசியமாக அவருக்கு அனுப்பும். அவர் அதைக் கீரை ஆய்வதுபோல் ஆய்ந்து, காம்பை மட்டும் திருப்பி அனுப்புவார். அவர் கையில் மாட்டிய ஓர் ஆய்வாளர் துறையையே விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போய்விட்டதாகச் செவிவழிச் செய்தி.

தசமம் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு நன்றி சொல்லிடு."

"எதுக்கு?"

"எதுக்காவது சொல்லு. நன்றியுரையில பேர் இருக்கிறவருக்கு இதழ்க்காரங்க மதிப்பாய்வுக்கு அனுப்ப மாட்டாங்க. வேண்டப்பட்டவர்னு ஒதுக்கிடுவாங்க. நாங்கல்லாம் ஒரு காலத்துல எதிரியாப் பாத்துப் பாத்துத்தான் நன்றி சொல்லுவோம்."

ஆகா! நன்றியே அம்பு! பகைவனைப் புகழால் கட்டிப்போடும் பாசக்கயிறு! அடிக்குறிப்பாள் சிலிர்த்தெழுந்தாள். காரணமும் கைவசம் இருந்தது. ஒரு கருத்தரங்கில் கத்தரி கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "ஃபேன் சத்தத்த கணக்குல எடுத்தீங்களா?" என்று கேட்டிருந்தார். அவள் எடுத்திருக்கவில்லை. அன்றிரவே திரும்பிப்போய் எடுத்தாள். ஆகவே நன்றி நியாயமானதே. நோக்கம் மட்டும்தான் கோணல்.

ஆனால் நன்றி பெறுகிறவரின் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும் என்பது அவ்விதழின் விதி. மின்னஞ்சல் அம்பு நாணிலிருந்து விடுபட்டது. மேகமண்டலம் கிழிய, திசைகள் அதிர, அது பறந்துபோய்க் கத்தரியின் திரையில் விழுந்தது. தசமம் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகு முன்னே பதில் வந்துவிட்டது.

'நன்றிக்கு நன்றி. என் பெயர் வேண்டாம். இந்தக் கட்டுரையை நானே மதிப்பாய்வு செய்ய ஆவலாக இருக்கிறேன் என்று இதழாசிரியருக்கும் இப்போதே எழுதிவிட்டேன்.'

தசமம் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்படி ஒரு பதில நான் பாத்ததே இல்ல" என்றார். அவருடைய குரலில் ஒரு மரியாதை இருந்தது.

இப்போது வீராங்கனையின் இருபுறமும் நெருப்பு. ஒரு பக்கம் 'கேட்டா பாத்துக்கலாம்'. மறுபக்கம் கேட்பதையே தொழிலாகக் கொண்ட கத்தரி. உண்டு என்றால் குழு எறியும், இல்லை என்றால் கத்தரி கிழிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, தன் தொழில் தனக்குக் கற்றுத்தந்த பழம்பெரும் கலையை அவள் கையிலெடுத்தாள். சொல்லியும் சொல்லாமல் இருக்கும் கலை! விசைப்பலகை வெங்களத்தில் பத்து விரலும் பத்துக் குதிரையாகப் பாய்ந்தன. அடைமொழிகள் அணிவகுத்தன, எச்சங்கள் பக்கவாட்டில் காத்தன, செயப்பாட்டுவினை பின்னணியில் முரசறைய, அவள் யாத்த பெருவாக்கியம் வருமாறு:

'முதன்மை ஆசிரியரின் திருமணவழி உறவு வட்டத்தினுள் அடங்கக்கூடியவராகக் கருதப்பட இடமுள்ள ஒருவருக்கு, இவ்வாய்வில் கையாளப்பட்ட பொருள்வகையோடு வணிகம் சார்ந்த ஒருவிதத் தொடர்பு இருந்திருக்கும் சாத்தியம் முற்றிலும் மறுக்கப்படுவதற்கில்லை எனினும், அது முடிவுகளின்பால் செல்வாக்குச் செலுத்தியதாகக் கொள்ளப்பட வேண்டியதில்லை.'

எழுதிப் பார்த்து மகிழ்ந்தாள். உண்மை முழுதும் உள்ளே இருந்தது, பெட்டிக்குள் பெட்டியாக, பூட்டுக்குமேல் பூட்டாக.

கேள்வித்தாள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தைக் களத்துக்கு அனுப்பும் முன், விஷயம் தெரியாத ஒருவரிடம் அதைப் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர் வார்த்தையிலேயே சொல்லச் சொல்வார்கள். எழுதியவருக்குத் தான் நினைத்தது தெரியும். கேட்பவருக்கு எழுதியது மட்டும்தானே தெரியும்? இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வாக்கியத்தையும் அவள் வெளியே விட்டதில்லை. கை தானாகவே பழக்கத்துக்குப் போயிற்று. தசமத்தை அழைத்துக் கணீரென்று வாசித்தாள்.

தசமம் கண்ணை மூடிக் கேட்டார்.

"என்ன புரிஞ்சுது அண்ணே?"

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"யாரோ ஒருத்தர் எங்கேயோ ஏதோ பண்றாரு. அதுக்கு நீ பொறுப்பில்ல."

அந்தப் பெருவாக்கியம், பொற்சிகரங்களும் மணிமாடங்களும் ஆயிரங்கால் மண்டபங்களும் கொண்ட அந்த மாளிகை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியாக அப்படியே உட்கார்ந்துபோயிற்று. அவள் பெருமூச்செறிந்தாள்.

"பலகை குடுத்தவர் இருக்காரே அண்ணே, அவர் எங்க வீட்டுக்காரரோட தம்பி."

தசமத்தின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு முழு எண் அங்கே உதயமாயிற்று.

"ரெண்டு வருஷமா உன் பக்கத்துல உக்காந்து கணக்குப் போடுறேன். ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னேனே! ஆய்வு முன்மொழிவுல இருக்கு. ஒன்பதாவது அடிக்குறிப்பு."

"அடிக்குறிப்ப யாரும்மா படிக்கிறா?"

உலகின் எந்தக் கோட்டையிலும் இத்தகைய கூரிய வேல் பாய்ந்ததில்லை. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் அவள் இரண்டாண்டு உறங்கியிருந்தாள். கேட்டவரோ ஒருவரும் இல்லை. சுவரில் மோதித் திரும்பிய அந்தக் குரலைத் தானே கேட்டுத் தானே தலையாட்டியிருக்கிறாள்.

தசமம் கோபத்தோடு தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினியின் பக்கம் திரும்பினார்.

"என்ன பண்றீங்க?"

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா பலகை மாட்டின வகுப்பெல்லாம் இன்னொரு தடவ பாத்திருப்பேன். இப்பப் பாக்கறேன். என் பேரும் அதுல இருக்கு."

"என் மேல சந்தேகமா அண்ணே?"

"சந்தேகம் இல்லம்மா. முடிவு நல்லா வந்துச்சுன்னு நானும் சந்தோஷமா விட்டுட்டேன். நல்லா வந்தா யாரும் குனிஞ்சு பாக்கிறதில்ல."

அவர் குனிந்து பார்த்தார். இமயம் குனிந்ததுபோல் குனிந்தார். வரிசை வரிசையாக, பெஞ்ச் பெஞ்சாக, அடிக்குறிப்பாள் பின்னால் நின்று நகத்தைக் கடிக்கக் கடிக்க, களப்பணியாளர்கள் எழுதிவைத்த சிறுகுறிப்புகளையெல்லாம் துருவினார். கடிகார முள் நாலரையைத் தாண்டி ஐந்தை நோக்கிக் குதிரையில் ஏறியது. அப்போது அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

பலகை மாட்டிய பள்ளி ஒன்றில், பருவத்தின் நடுவே ஆசிரியை பெஞ்சுகளை இடம் மாற்றியிருந்தார். முன் பெஞ்சுக்குப் போன பிள்ளைகளின் விடைத்தாள்கள் கடைசி பெஞ்சுக் கணக்கிலேயே இருந்துவிட்டன. முன்னால் உட்கார்ந்து எழுதினால் பிழை குறையத்தானே செய்யும்? அந்தப் புகழெல்லாம் பலகைக்குப் போயிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. முடிவு இனித்தது; இனித்ததால் ஒருவரும் கடித்துப் பார்க்கவில்லை.

தசமம் சரிசெய்து மறுபடியும் கணக்கிட்டார். பிழைகள் பாதியாகக் குறையவில்லை. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

"போச்சா?" என்றாள் அடிக்குறிப்பாள்.

"எங்க போச்சு? நிக்குதும்மா. முப்பத்திமூணு புள்ளி ரெண்டு ஆறு." தசமத்தின் கோபம் எண்ணைச் சொன்னதும் பாதி தணிந்துவிட்டது. "முன்ன சொன்னத விடக் கம்மிதான். ஆனா இப்பக் கத்தரி வந்து ஆட்டினாலும் ஆடாது."

அடிக்குறிப்பாள் கட்டுரையிலும் சுருக்கத்திலும் இருந்த 'பாதி'யைத் திருத்தி, புதிய அட்டவணையோடு மறுபடி ஏற்றினாள். அறிவிப்பு என்பது எதற்காக என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அது வேலை செய்வதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்திருந்தாள். ஒருவரிடம் ஒரு வரி சொன்னாள்; அவர் குனிந்தார்; தராசின் முள் நேரானது.

இனி எஞ்சியது ஒரே ஓர் அரணே. அவள் கைபேசியை எடுத்து, போர்க்களத்திலிருந்து தூது விடும் மன்னனின் கம்பீரத்தோடு கொழுந்தனை அழைத்தாள்.

"தம்பி, உன் பேரு நலன் முரண்னு ஒரு கட்டத்துல வரப்போகுது."

"முரணா? நான் என்ன அண்ணி பண்ணேன்? லாரி வச்சு அனுப்பினதுக்கு இதுவா?"

"நீ ஒண்ணும் பண்ணல. நீ பலகை விக்கிற, நான் பலகையப் பத்தி எழுதுறேன், நாம ஒரே வீடு. அத படிக்கிறவங்ககிட்ட சொல்லணும். நன்றியிலயும் வரும், அதுலயும் வரும்."

மறுமுனையில் அவன் இடங்களை எண்ணிப் பார்த்தான். பிறகு, "ரெண்டு எடத்துலயா?" என்றான்.

"ரெண்டு எடத்துலயும்."

"உங்க இயக்குநர் பேரு?"

"ஒரு எடம்தான்."

"சரி அண்ணி." அவன் குரலில் ஓர் அரியணையின் மெத்தை அழுந்தும் ஓசை கேட்டது. "அப்ப அத பிரேம் போட்டு மாட்டிக்கலாம்ல? பாதியாக் குறையுதுன்னு?"

"பாதி இல்ல, மூணுல ஒரு பங்கு. இப்பத்தான் திருத்தினோம். மாட்டிக்கோ. ஆனா அந்த உறவு வரியும் சேத்து மாட்டணும்."

"சின்ன எழுத்துல மாட்டலாமா?"

"அதே எழுத்துல."

"நடு எழுத்து?"

"தம்பி."

"சரி சரி, அதே எழுத்து. எழுத்து அளவுல இவ்வளவு கறாரா இருக்கிற உங்களுக்குப் போய் தலைப்பு பெருசு பண்ணச் சொன்னாரே உங்க இயக்குநர், அவர சொல்லணும்."

அவன் வைத்துவிட்டான். வாசல் சாத்தச் சில நிமிடங்களே இருந்தன. இயக்குநர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, உதட்டை அசைத்து 'இல்லைன்னு போடு' என்று சைகை செய்துகொண்டிருந்தார். இவள் அவர் திசைக்குப் பணிவோடு தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை அவர் சம்மதம் என்றே கொண்டு மனநிறைவோடு உள்ளே திரும்பினார். குழு தூக்கி எறியுமா? எறியலாம். எறிந்தால் அடுத்த குழுவுக்கு அனுப்புவாள். மறைத்துக் கட்டிய சுவரைவிட, உண்மையைச் சொன்னதால் கட்டப்படாமல் போன சுவரை அவளால் தாங்கிக்கொள்ள முடியும்.

எழுந்தாள் அடிக்குறிப்பாள்! இல்லை, உட்கார்ந்தபடியேதான், ஆனால் எழுந்தவளைப்போல்! இடக்கை பெருவாக்கியத்தை முழுதாகத் தெரிவுசெய்ய, வலக்கை அழிப்பு விசைமேல் இடியென இறங்க, திருமணவழி வட்டங்கள் சிதற, சாத்தியங்கள் சரிய, மறுக்கப்படுவதற்கில்லைகள் மண்ணைக் கவ்வ, எனினும்கள் புறமுதுகிட்டோட, வெண்கட்டம் மீண்டும் வெளுத்து அவள் முன் மண்டியிட்டது. அந்த வெண்ணிலத்தில், தண்ணீர்க் கேன் ஒருமுறை குமிழியிட்டு வாழ்த்த, தசமம் தோளருகே நின்று எட்டிப் பார்க்க, ஐந்தை நோக்கி நாலுகால் பாய்ச்சலில் வந்த கடிகார முள்ளையும் முந்திக்கொண்டு, தன் வாழ்நாளில் முதன்முறையாகக் காலடியில் இன்னொரு வாக்கியம் வந்து உட்காராத ஒரு வாக்கியத்தை அவள் எழுதி அனுப்பினாள்:

'இந்த ஆய்வில் மாட்டிய பலகைகளை விற்பவர் என் கணவரின் தம்பி, அவற்றை எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்.'